தாளமூர்

டிக்கெட்டில் அச்சடித்த பேர் எஸ்.எஸ். தலமோர்.
பதினெட்டாங்கட்டைத் தோட்டத்தார் வாயில் அது தாளமூர்.
"தாளமூரு எந்தத் தாலுகாங்க, கிராணி?"
இருளப்பன் நிஜமாகவே கேட்டான்.
கடலில் என்றேன்.
தலையாட்டிக்கொண்டான்.

நிபோங் திபால் ரயிலடிக்கு எதிரே
ஒண்டுக் கடையில் கம்பெனிக்கு ஏஜெண்டு நான்,
கணக்கன் நான், காலையில் பெருக்குகிறவனும் நான்.
அந்த மாதம் முப்பத்தொரு டிக்கெட் எழுதியிருந்தேன்.
எல்லாம் மேல்தளம்.
பாய் விரிக்க ஆறடிக்கு இரண்டடி,
பலகையில் வெள்ளைச் சாயத்தில் எண்.

பொன்னுருவிக்கு நூற்றுப்பன்னிரண்டு.
"ஓரமா இருக்கட்டும். இது மூணாம் மாசம்,
சும்மாவே கொமட்டுது."
கம்பியிலிருந்து நாலடி என்று
விரலால் மேசையில் அளந்து காட்டினேன்.

தந்தி கொண்டுவந்த ஹாஷிம்
சைக்கிளைவிட்டு இறங்கவில்லை.
கப்பலைக் கடற்படை எடுத்துக்கொண்டது.
பணத்தைத் திருப்பித் தரவும்.

எடுத்துக்கொண்டது என்றால்?
கடனுக்கு மாட்டை அவிழ்த்துப் போவார்களே, அப்படியா?
வரிசையில் நின்றவர்களுக்கு
எப்படிச் சொல்வதென்று தெரியாமல்
"கப்பலுக்கு பட்டாளத்துல வேலை கெடைச்சிருச்சு" என்றேன்.
யாரோ சிரித்தார்கள்.
முப்பது பேர் காசை வாங்கிக்கொண்டு
மறுநாள் வழக்கம்போல் மரத்துக்குப் போனார்கள்.

பொன்னுருவி டிக்கெட்டைத் தரவில்லை.
"சண்டை முடிஞ்சா வருமில்ல?"
வரும்.
"அப்ப இருக்கட்டும்."
வெற்றிலைப் பைக்குள் நாலாக மடித்து வைத்தாள்.

கணக்குப் புத்தகத்தை ஒப்படைக்கப் பினாங்கு போனேன்.
சம்பானில் நெருங்கும்போதே
வெள்ளைக் கப்பல் பாதி சாம்பல் நிறமாயிருந்தது,
தீட்டுத் துணி மாற்றிக்கொண்டவள்போல் முகம் திருப்பி.
பியானோவைக் கயிற்றில் இறக்கினார்கள்.
அது காற்றில் சுழன்று, தானாக ஒரு முறை ஒலித்தது.
முதல் வகுப்புக் கண்ணாடிகள்
வானத்தைச் சுமந்தபடி தொங்கலில் இறங்கின.
அவற்றில் ஒன்றை ஏலத்தில் பிடித்தார்
எங்கள் ஊர் முடிவெட்டும் பரமகுரு.
மூலையில் நங்கூரம் செதுக்கிய அந்தக் கண்ணாடியில்தான்
பால்கறை படிந்த ஆட்கள் சனிக்கிழமைதோறும்
தாடை தூக்கிப் பார்த்துக்கொண்டார்கள்.

மேல்தளத்தில் சிவப்புச் சாயத்தால்
வட்டங்கள் போட்டிருந்தார்கள், பீரங்கிக்கு.
ஒரு வட்டத்துக்குள் 111, 112, 113.
சீனத் தச்சன் ஒருவன் வாளைச் சாய்த்து
பலகையை அறுத்துக்கொண்டிருந்தான்.
தேக்கு மணம்.
நான் எதற்கு அங்கேயே நின்றேன்?
ஊர் திரும்பி அவளிடம் சொல்லவுமில்லை.

அப்புறம் அவர்கள் சைக்கிளில் வந்தார்கள்.
கம்பெனி ஓடிப்போனது.
எழுதாத டிக்கெட்டுகளின் பின்பக்கத்தில்
மரவள்ளிக் கிழங்குக் கணக்கு எழுதினேன்.
நாகப்பட்டினம், கிழங்கு இரண்டு கட்டி.
நாகப்பட்டினம், கிழங்கு ஒன்றரை.

நாற்பத்தாறில் கடையைத் திறந்தபோது
பினாங்கிலிருந்து கப்பல் பட்டியல் வந்தது.
தலமோர் மேல் பென்சில் கோடு.
எங்கே, எப்போது, எத்தனை பேர், எதுவுமில்லை.
பென்சிலை அழுத்தக்கூட இல்லை.

அந்த வாரமே பொன்னுருவி வந்தாள்.
புருஷன் சயாமுக்குப் போனவன்.
கையில் ஆறு வயதுப் பெண்
என் மைக்கூட்டையே பார்த்துக்கொண்டு நின்றது.
மேசையில் டிக்கெட்டை விரித்தாள்.
மடிப்பில் நான்கு துண்டாகிக் கிடந்தது,
ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பு.

கப்பல் முழுகிப்போச்சும்மா.

"நூத்திப்பன்னெண்டுமா?"

அப்போது சொன்னேன்.
இல்லை, அது முழுகவில்லை.
முன்னாலேயே அறுத்து எடுத்துவிட்டார்கள்.

"எங்க இருக்கு?"

தெரியலை. எவனாவது அடுப்பில் வைத்திருப்பான்.

கொஞ்ச நேரம் யோசித்தாள்.
பழைய கணக்குக்குப் பணம் கிடையாதென்று
கம்பெனியின் சுற்றறிக்கை இழுப்பறையில் கிடந்தது.
என் பையிலிருந்து இருபத்திரண்டு வெள்ளி எடுத்து வைத்தேன்.
இரண்டு தடவை எண்ணினாள்.
ஒரு நோட்டில் ஓரம் கிழிந்திருந்தது.
அதை மட்டும் தள்ளி வைத்து,
"வேற குடுங்க" என்றாள்.